ஒன்பது சோடி செருப்பும் நாலு பேர் கணக்கும்

போன வருசம் ஆனி மாசம் டிலானி என்ர வீட்டுக்கு ஏசி அளக்க வந்தாள். முப்பது வருசமா இத்தாலியிலை, பலெர்மோவிலை மற்ற ஆக்களின்ர வீடுகளை அளந்து ஏசி பூட்டினவன் நான். முழங்கால் ரெண்டும் மறுத்துப்போச்சு எண்டு வேலையை விட்டு மூண்டு வருசமாகுது. வீட்டிலை இருந்த பழைய மெஷின் அந்த வைகாசியோடை செத்துப்போக, வேற ஆரைக் கூப்பிடுறது, டிலானிக்குத்தான் ரெலிபோன் அடிச்சன். இஞ்சை பிறந்து வளந்த எங்கட பிள்ளை. முப்பது தாண்டிட்டுது. லைசென்ஸ் எடுத்து, சொந்த வான், சொந்த வேலையாக்கள் எண்டு நிக்கிறாள்.

அவள் அளக்கிற விதத்தைப் பாத்தா எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். அளவுநாடா இல்லை, பென்சில் இல்லை. அறைக்கு நடுவிலை நிண்டு போனைத் தூக்கிப் பிடிக்க, நீளம் அகலம் எல்லாம் அதுவே சொல்லுது. பேந்து போன் ஒவ்வொரு கேள்வியாக் கேக்கும், அவள் வாசிப்பாள், நாங்கள் பதில் சொல்லோணும். அப்பிடி வாசிச்சுக்கொண்டு வந்தவள், "அங்கிள், இந்த வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள்?" எண்டு கேட்டாள்.

"ரெண்டு பேர். நானும் அன்ரியும்" எண்டன்.

யோசிக்கவே இல்லை. மூச்சு விடுற மாதிரி வந்திட்டுது. ஆனா அண்டைக்கு எங்கட வீட்டிலை இருந்தது அஞ்சு பேர். என்ர மனிசியின்ர அக்காவின்ர மகள், எங்களுக்குப் பெறாமகள், அவளின்ர புருசன், ரெண்டு வயசுப் பிள்ளை. அவையின்ர பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, முடிஞ்சு, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை திகதி கிடைக்குமெண்டு காத்துக்கொண்டிருந்தவை. இப்ப எல்லாம் சரிவந்திட்டுது, அதாலைதான் துணிஞ்சு எழுதுறன். டிலானி வாற நேரம் அவை பின் அறையிலை கதவைச் சாத்திப்போட்டு இருந்தவை. மனிசி அவையின்ர மூண்டு சோடிச் செருப்பையும் வாசலிலை இருந்து எடுத்து, ஒரு பையிலை போட்டுக் கட்டிலுக்குக் கீழை தள்ளிவிட்டவள்.

டிலானி படியிறங்கிப் போனாப் பிறகு நான் நேரை குசினிக்குப் போனன். தண்ணியைக் கிளாசுக்கு வெளியிலை ஊத்தினன். ஏனெண்டா, இதே கேள்விக்கு இதே மாதிரிச் சொன்ன ஒரு பதிலை ஏத்துக்கொண்டு, என்ர கையாலை ஒரு ஆளைக் கொல்லப் பாத்தவன் நான். புதுசா இந்தத் தொழிலுக்கு வந்த எங்கட ஆக்கள் கனபேர், "அண்ணை, உங்கட அனுபவத்தை ஒருக்கா எழுதுங்கோ" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம். என்ர அனுபவம் எண்டு சொன்னா அது அந்த ஒரு கோடைதான். மற்றதெல்லாம் ஏணி தூக்கினது.

ஏணி தூக்கினதையும் ரெண்டு வரியிலை சொல்லிவிடுறன். வந்த புதுசிலை மொண்டெல்லோக் கடற்கரையிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவினன். அங்கை ஏசி திருத்த வந்த மேஸ்திரிக்கு, இஞ்சத்தைய பேச்சிலை மாஸ்த்ரோ நீனோவுக்கு, ஒரு நாள் ஏணி பிடிச்சுக் குடுத்தன். அடுத்த கிழமையிலை இருந்து அவரிட்டை வேலை. அஞ்சு வருசம் ஏணியும் பெட்டியும் தூக்கினாப் பிறகுதான் அளவுநாடாவை என்ர கையிலை தந்தவர்.

மாஸ்த்ரோ நீனோ கட்டையான மனிசன். எந்த வெக்கையிலையும் இஸ்திரி போட்ட சேட்டு, பொக்கற்றிலை ஒரு சின்னத் தேர்மோமீற்றர். ஒருக்காலும் சத்தம் போடமாட்டார். கோபம் வந்தா அளவுநாடாவைச் சுருட்டிப் பொக்கற்றுக்கை வைப்பார். அந்தச் சுருட்டிற சத்தம் கேட்டா நான் செய்த வேலையைத் திரும்பவும் பாப்பன். காலமையிலை வீடு அளக்கக் கூப்பிட்டா வரமாட்டார். பின்னேரம் ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையிலைதான் போவார், வெயில் சுவரிலை அடிக்கிற நேரம். போனவுடனை அளக்கவும் மாட்டார். அறைக்கு நடுவிலை பத்து நிமிசம் பேசாமல் நிப்பார். வீட்டுக்கார சிஞ்ஞோராக்கள் கோப்பியோடை வந்து, இவருக்கு என்ன நடந்தது எண்டு என்னைப் பாப்பினம்.

பேந்து மூண்டு கேள்வி. மேலை என்ன இருக்கு? சன்னல் எந்தப் பக்கம் பாக்குது? மூண்டாவதுதான் முக்கியம்: வெக்கை உச்சத்திலை நிக்கிற நேரம் இந்த அறைக்குள்ளை எத்தினை கிறிஸ்தியானி? பலெர்மோவிலை மனிசரைக் கிறிஸ்தியானி எண்டுதான் சொல்லுவினம், என்ன சமயமெண்டாலும். வீட்டிலை எத்தினை பேர் எண்டு அவர் கேக்கிறேல்லை. அந்த நேரத்திலை, அந்த அறைக்குள்ளை எத்தினை பேர் எண்டுதான் கேப்பார். மனிசனும் ஒரு அடுப்பு எண்டு சொல்லுவார்.

கணக்கு பெரிய கணக்கில்லை. ஒரு மணித்தியாலத்திலை மெஷின் அறையிலை இருந்து எவ்வளவு சூட்டை வெளியிலை தள்ளுமெண்டதை நாங்கள் பீரீயு எண்ட அளவிலை சொல்லுறது. சாதாரண உயரத்து அறையெண்டா ஒரு சதுர மீற்றருக்கு முந்நூற்றி நாப்பது. மேலை மொட்டைமாடியோ, மேற்குப் பக்கம் சன்னலோ இருந்தா அதுக்குத் தக்கமாதிரிக் கூட்டோணும். ரெண்டு பேருக்கு மேலை ஆளுக்கு அறுநூறு. வாற தொகையைக் கொண்டுபோய்க் கடையிலை இருக்கிற மெஷினோடை பொருத்தோணும்: ஒன்பதாயிரம், பன்னிரண்டாயிரம், பதினெட்டாயிரம். பெரிசாப் போட்டாப் போச்சுத்தானே எண்டு நீங்கள் நினைப்பியள், நானும் நினைச்சன். பெரிசு கெதியாக் குளிராக்கிப்போட்டு நிண்டுவிடும், காத்திலை இருக்கிற ஈரத்தை எடுக்காது. கடல் பக்கத்து ஊர் இது, மாரி வாறதுக்கிடையிலை சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். கரண்டும் இஞ்சை கனவீடுகளுக்கு மூண்டு கிலோவாட்தான், உடுப்புத் தோய்க்கிற மெஷினையும் சேத்துப் போட்டா டப்பெண்டு கரண்ட் நிண்டுவிடும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

முதல் தரம் தனிய அளந்தது கபோச் சந்தைக்குப் பின்னாலை ஒரு பழைய வீடு. எல்லாம் சரியாச் செய்தன் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு கணக்கைக் காட்டினன். மாஸ்த்ரோ அந்த வீட்டுக்கு வந்து, என்ர கையைப் பிடிச்சு உள்சுவரிலை வைச்சார். சுவர் கொதிக்குது. "இந்தச் சுவருக்குப் பின்னாலை ஆர்?" எண்டு கேட்டார். பாண் போறணை. சந்தைக்குப் பாண் சுடுற கடை. நான் அந்தக் கடையிலைதான் காலமை பாண் வாங்கிச் சாப்பிட்டுட்டு வந்தனான். அவர் நாடாவைச் சுருட்டினார். அதுக்குப் பிறகு கனவருசம் சுவரைத் தொடாமல் நான் ஒரு கணக்கும் போட்டதில்லை. சுவரைத் தொடப் பழகினன், ஆனா அந்த மூண்டாவது கேள்வியைப் பழகேல்லை.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம், என்ர கூட்டாளி அருள்தாஸ் ஏசி பூட்ட வேணுமெண்டு கேட்டான். நானும் அவனும் ஒரே வருசம் வந்தவை. முதல் மூண்டு வருசம் ஒரே கட்டிலிலை மாறி மாறிப் படுத்தனாங்கள், அவனுக்குப் பகல் வேலை, எனக்குப் பின்னேரத்திலை இருந்து நடுச்சாமம் வரை. போர்கோ வெக்கியோவிலை அஞ்சாம் மாடி, லிஃப்ற் இல்லை, அதுக்கு மேலை மொட்டைமாடிதான். அவனுக்கு ரெண்டு கிட்னியும் போய், கிழமைக்கு மூண்டு தரம் டயாலிசிஸ். அந்த வருத்தக்காரர் தண்ணி அளந்துதான் குடிக்கலாம். ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு கிளாஸ், அவ்வளவுதான். குடிச்ச தண்ணி வெளியிலை போக வழியில்லை, கூடிப்போனா நெஞ்சுக்குள்ளை நிறைஞ்சு மூச்சை அடைச்சுப்போடும். வெக்கை வந்தாத் தாகம் வரும், தாகம் வந்தா ஆர்தான் பொறுக்கிறது? அதாலை டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார், கோடை முழுக்கக் குளிரான அறையிலைதான் இருக்கவேணுமெண்டு.

ஆக, அந்த மெஷின் சொகுசுக்கில்லை. அருள்தாஸ் உயிரோடை இருக்கிறதுக்கு. அது எனக்குத் தெரியும்.

மாஸ்த்ரோ சொன்ன நேரத்துக்கே போனன், மூண்டு மணிக்கு. வாசலிலை செருப்பைக் கழட்டேக்கை பாத்தன், ஒன்பது சோடி கிடந்தது. இளம் பொடியள் போடுற சப்பாத்து, கடற்கரைக் கடையளிலை வேலை செய்யிற ஆக்கள் போடுற வெள்ளைச் செருப்பு. சண்டை முடிஞ்சாப் பிறகு வன்னியிலை இருந்து வந்த பொடியள் சிலபேரை அருள்தாஸ் தன்ர வீட்டிலை வைச்சிருக்கிறான் எண்டு எங்கட சனத்துக்கெல்லாம் தெரியும். ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கிறேல்லை, அவ்வளவுதான். உள்ளை போனன். அறை துப்பரவாயிருந்தது, பாயெல்லாம் சுருட்டி அலுமாரிக்கு மேலை, மற்ற அறைக் கதவு சாத்தியிருந்தது.

அளந்தன். அஞ்சுக்கு நாலரை. சுவரைத் தொட்டன், ஏணி வைச்சுக் கூரையைத் தொட்டன். குசினிக்கும் அறைக்கும் இடையிலை கதவில்லை எண்டதையும் பாத்தன். பிறகு அருள்தாஸின்ர மனிசி மற்றில்டாவிட்டை எத்தினை பேர் எண்டு கேட்டன்.

"நாலு பேர் அண்ணை" எண்டாள். என்ர முகத்தைப் பாக்காமல் சன்னல் சீலையைப் பாத்துக்கொண்டு சொன்னாள்.

நாலு எண்டது நகரசபையிலை, கொமூனேயிலை, பதிஞ்ச எண்ணிக்கை. அவை ரெண்டு பேர், ரெண்டு பிள்ளையள். அந்தக் கணக்குக்குத்தான் அவைக்கு, வீடு இத்தினை பேருக்குப் போதுமெண்ட பத்திரம், அந்தப் பத்திரத்தை வைச்சுத்தான் பெர்மெஸ்ஸோ. நான் என்ர மனிசியை இஞ்சை கூப்பிடேக்கை எனக்கும் இதே பத்திரம் வேண்டியிருந்தது. மூண்டு பேருக்கு எண்ட வீட்டிலை ஆறு பேர் இருந்தம். கொமூனேப் பொலிஸ் பாக்க வந்த அண்டைக்கு மூண்டு பேர் குளியலறைக்குள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டவை. அந்தப் பொலிஸ்காரன் குளியலறைக் கதவடியிலை நிண்டு பேனையை உதறினது இப்பவும் எனக்குக் கனவிலை வரும். அண்டையிலை இருந்து, ஆர் கேட்டாலும் பத்திரத்திலை உள்ள எண்ணிக்கைதான் வாயிலை வரும். மற்றதைக் கேக்கவும் மாட்டம், சொல்லவும் மாட்டம். அது எங்களுக்குள்ளை ஒரு மரியாதை.

அந்த மரியாதையைத்தான் நான் மற்றில்டாவுக்குக் குடுத்தன். வெறும் அறைக்கு ஏழாயிரத்து அறுநூற்றைம்பது. மாடிக்கும் மேற்குச் சன்னலுக்கும் கால்வாசி கூட்டினன், ஒன்பதாயிரத்து ஐந்நூற்றறுபது சொச்சம். நாலு பேர், அப்ப ரெண்டு பேருக்கு ஆயிரத்து இருநூறு. பதினோராயிரத்துக்குக் கிட்ட. பன்னிரண்டாயிரம் போதும் எண்டு எழுதினன். பேப்பரிலை நாலு எண்டு எழுதிப்போட்டு, மனசுக்குள்ளை ஒன்பது எண்டு வைச்சுக் கூட்டியிருக்கலாம். ஆர் கண்டது? மாஸ்த்ரோ பேப்பரை வாங்கிப் பாத்து, நாலு எண்டதிலை விரலை வைச்சு, "பாத்தனியோ, கேட்டனியோ?" எண்டார். பாத்தனான் எண்டு சொன்னன். அவர் என்னை நம்பினார்.

ஆனி மாசம் பூட்டினம். மெஷின் நல்லா ஓடிச்சு. ஆடியிலை சிரொக்கோ வந்தது.

ஆபிரிக்காவிலை இருந்து வாற அந்த அனல் காத்தை இந்த ஊரிலை இருக்கிறவைக்குச் சொல்லத் தேவையில்லை. மூண்டாம் நாள் மத்தியானம் மற்றில்டா ரெலிபோன் எடுத்தாள். மெஷின் நிக்காமல் ஓடுது, அறை குளிரேல்லை, அவர் ஒரு மாதிரிக் கதைக்கிறார் அண்ணை எண்டு சொன்னாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனன். வழிமுழுக்க மாதாவைக் கும்பிட்டன், என்னெண்டு தெரியுமோ? மெஷினிலை காஸ் ஒழுகியிருக்கவேணும் எண்டு. காஸ் ஒழுகினா அது மெஷினின்ர பிழை. கூட்டாளி மூச்சுத் திணறிக் கிடக்கிறான், நான் என்ர தலை தப்பிறதுக்குக் கும்பிட்டுக்கொண்டு போறன். எனக்கு அந்த நேரம் இருந்த பயம் அப்பிடி.

வாசலிலை செருப்பு. இந்தமுறை எண்ணேல்லை. கதவைத் திறந்தா, அறைமுழுக்க ஆக்கள். வீட்டிலை ஒரு அறைதான் குளிர், பின்னை ஆர் மற்ற அறையிலை படுப்பினம்? மொண்டெல்லோவிலை பின்னேர வேலைக்குப் போற பொடியள் பகலிலைதான் நித்திரை. அஞ்சு பேர் பாயிலை வரிசையாக் கிடக்கினம், ரெண்டு பிள்ளையளும் மூலையிலை. கதவில்லாத குசினியிலை பானையிலை சோறு கொதிக்குது. அருள்தாஸ் கட்டில் விளிம்பிலை ரெண்டு கையையும் ஊண்டிக்கொண்டு இருக்கிறான். படுக்க ஏலாது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள்ளை கொறகொற எண்டு சத்தம். சொண்டு நீலம். கட்டிலுக்குக் கீழை ரெண்டு பெரிய தண்ணிப் போத்தல், ரெண்டும் வெறுமை.

எனக்கு முதல் செய்யவேண்டியது என்னெண்டு தெரியும். ஆனா என்ர கை தேர்மோமீற்றரைத்தான் எடுத்தது. மெஷின்ர வாயிலை பிடிச்சன்: பதினாறு. வடிவாக் குளிர்க்காத்து வருது. அறைக்கு நடுவிலை பிடிச்சன்: முப்பத்திமூண்டு. காஸ் ஒழுகேல்லை. மெஷின் தன்ர வேலையை முழுசாச் செய்யுது. நாலு பேருக்குச் செய்யுது.

போனை எடுத்து அம்புலன்சுக்கு அடிக்கப் போக, மற்றில்டா என்ர கையைப் பிடிச்சாள். "அண்ணை, அஞ்சு நிமிசம். பொடியள் போகட்டும். ரெண்டு பேருக்குப் பேப்பர் இல்லை."

நான் நிண்டன். இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை, என்ர மனிசிக்கும் சொன்னதில்லை. போனைக் கையிலை வைச்சுக்கொண்டு, அருள்தாஸ் மூச்சுக்கு அந்தரப்படுறதைப் பாத்துக்கொண்டு, அஞ்சு நிமிசம் நிண்டன். பொடியள் நித்திரைக் கண்ணோடை பாயைச் சுருட்டிச்சினம், சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிச்சினம். அந்த வெயிலிலை, அந்தத் தளச் சூட்டிலை. கடைசிப் பொடியன் வாசலாலை போனாப் பிறகுதான் நான் நம்பரை அமத்தினன். அம்புலன்ஸ்காரர் வந்து ஒரு பேப்பரும் கேக்கேல்லை. ஓக்சிசனைப் போட்டு, கதிரையிலை கட்டி, அஞ்சு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கிச்சினம். அவையின்ர சேட்டு தோஞ்சு போச்சு. எத்தினை பேர் இருக்கிறியள் எண்டு அவையும் கேக்கேல்லை, பொலிசும் வரேல்லை.

ஆஸ்பத்திரியிலை நேரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோச்சினம். வெளி வாங்கிலை இருந்து, அவன் செத்தா மற்றில்டாவின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது, பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். பொழுதுபடேக்கை நேர்ஸ் வந்து, தப்பிட்டார், இன்னும் ஒரு பத்து நிமிசம் பிந்தியிருந்தா ஒண்டும் செய்திருக்க ஏலாது எண்டாள். பத்திலை அஞ்சை நான் ஏற்கெனவே செலவழிச்சிட்டன் எண்டு அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாள் பாக்கப் போனன். மெஷின் சின்னன், வேற மாத்தித் தாறன் எண்டு ஏதோ உளறினன். அருள்தாஸ் கண்ணைத் திறந்து கனநேரம் என்னைப் பாத்தான்.

"அன்ரன், நீ செருப்பைப் பாத்தனி தானே?" எண்டான்.

"ஓம்" எண்டன்.

அவன் கையை எடுத்து என்ர கைக்கு மேலை வைச்சான். கிழிகிழி எண்டு பேசியிருந்தா எனக்குச் சுகமாயிருந்திருக்கும். இன்னும் நாலு வருசம் இருந்தான், டயாலிசிஸோடைதான். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேந்து கதைச்சதே இல்லை.

மாஸ்த்ரோவிட்டை எல்லாத்தையும் சொன்னன், அந்த அஞ்சு நிமிசத்தைத் தவிர. அவர் நாடாவைச் சுருட்டுவார் எண்டு காத்துக்கொண்டு நிண்டன். சுருட்டேல்லை. பழைய பேப்பரைத் தேடி எடுத்து, நாலை அழிரப்பராலை அழிச்சு, பென்சிலை என்ர கையிலை தந்து, "எத்தினை கிறிஸ்தியானி?" எண்டார். நான் ஒன்பது எண்டு எழுதினன். கூட்டிப் பாத்தம். ஆக்களோடையே பதின்மூவாயிரத்து எழுநூறு தாண்டுது, அதோடை குசினி அடுப்பு. பதினெட்டாயிரம் மெஷினை ரெண்டு பேருமாத் தூக்கிக்கொண்டு அஞ்சு மாடி ஏறினம். அந்த வயசிலையும் அவர் பாரமான பக்கத்தைத்தான் பிடிச்சவர். வாசலிலை நிண்டு செருப்பைப் பாத்தார், என்னைப் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு வேலையை விடும் வரைக்கும், எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் நான் வாயாலை கேட்டதில்லை. வாசலைப் பாத்துத்தான் கூட்டினன்.

இவ்வளவும் பட்டவன்தான், போன வருசம் டிலானிக்கு ரெண்டு பேர் எண்டு சொன்னன்.

அவள் போனாப் பிறகு பின் அறைக் கதவு திறந்தது. பெறாமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வந்தாள். பூட்டின அறைக்குள்ளை அரை மணித்தியாலம் இருந்ததிலை பிள்ளையின்ர தலைமயிர் தண்ணியாய் ஒட்டிக்கிடந்தது. கழுத்தெல்லாம் சிவந்து வேர்க்குரு. அது அழவும் இல்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பாத்துது. எனக்குச் சத்தியமா அருள்தாஸின்ர நெஞ்சுச் சத்தம் காதிலை கேட்டுது.

போனை எடுத்தன். மனிசிக்கு விளங்கிட்டுது. "உங்களுக்கென்ன விசரோ? அவள் ஆருக்கும் வாய் தவறிச் சொன்னா?" எண்டு மெல்லமாச் சொல்லிக்கொண்டு கையை நீட்டினாள். அவளுக்கும் பயம், எனக்கும் பயம். எந்தப் பயம் பெரிசெண்டு அந்த நேரம் எனக்குத் தெரிஞ்சிருந்தது. நம்பரை அமத்தினன்.

டிலானி வானுக்குள்ளை இருந்தாள், றோட்டுச் சத்தம் கேட்டுது.

"பிள்ளை, நான் உனக்குப் பொய் சொன்னனான். ரெண்டு இல்லை, அஞ்சு பேர். ஒண்டு சின்னப் பிள்ளை."

அவள் பதில் சொல்ல முந்தியே பயத்திலை கேட்டன், ஆக்களின்ர பேர் ஏதும் குடுக்க வேணுமோ எண்டு.

"இல்லை அங்கிள், எத்தினை பேர் எண்டு மட்டும்தான் கேக்குது" எண்டாள். அஞ்சு எண்டு மாத்திறன் எண்டும் சொன்னாள்.

போனை வைச்சிட்டுக் கட்டிலுக்குக் கீழை குனிஞ்சு பையை இழுத்தன். முழங்கால் உயிர் போற நோ. மூண்டு சோடிச் செருப்பையும் கொண்டுபோய் எங்கட செருப்புகளுக்குப் பக்கத்திலை வாசலிலை வைச்சன். மனிசி பின்னாலை வந்து, கீழை ஆரும் ஏறி வருகினமோ எண்டு படியைப் பாத்துக்கொண்டு நிண்டாள். பேந்து குனிஞ்சு, பிள்ளையின்ர சின்னச் செருப்பு ரெண்டையும் நேராக்கி வைச்சாள்.